பென் ட்ரைவுக்கு வைத்த பொட்டு

கட்டுகஸ்தோட்டை,
செப்டெம்பர் 23

அன்பு மகன் சஞ்சீவுக்கு அம்மா எழுதுவது,

நலமா என்று கேட்டால், "அதைத்தானேம்மா காலையிலயும் போன்ல கேட்டீங்க" என்பாய். ஆகவே கேட்கவில்லை. எனக்கு முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, மற்றபடி குறை இல்லை. போனில் நீ இரண்டு நிமிடத்தில் மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. முப்பது வருடம் ஊராரின் கடிதங்களை டைப் பண்ணிய கை, பெற்ற பிள்ளைக்கும் கொஞ்சம் டைப் பண்ணட்டும்.

உன் கூட்டாளி அம்ஜத் லீவில் வந்து, நீ கொடுத்துவிட்ட பென் ட்ரைவைத் தந்தான். நகத்தளவு சாமானுக்குள் ஒரு முழுக் கம்பியூட்டரையே அடக்கி அனுப்புகிறேன் என்று நீ சொன்னபோது, டோஹாவுக்குப் போன பிள்ளை அம்மாவுக்கு நன்றாக ரீல் விடுகிறான் என்றுதான் நினைத்தேன். இப்போது அந்தப் பேச்சை வாபஸ் வாங்குகிறேன். கந்தோரில் என் மேசைக் கம்பியூட்டரின் ஹார்ட் டிஸ்க் போய் இரண்டு மாதம். சுதேஷ் சேர் புதிது வாங்கித் தருகிறேன், வாங்கித் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். அந்தச் செத்த மெஷினில் உன் பென்னைச் செருகி, நீ சொன்ன பட்டனை அமத்தினால், வரிவரியாக ஏதோ ஓடி, என் தமிழ் எழுத்தும் சிங்கள எழுத்தும் என் பைல்களும் அப்படியே வருகின்றன. நீயும் அப்பாவும் பெரஹரா ஊர்வலம் பார்க்கப் போன படம் கூடத் திரையில் வருகிறது. கழற்றி எடுத்தால் மெஷின் மறுபடியும் வெறும் பெட்டி. வீட்டில் உன் பழைய லெப்டொப்பிலும் அப்படித்தான். அதற்கு ஹார்ட் டிஸ்க்கே இல்லை என்று நம்பவே முடியவில்லை.

ஒன்றுக்கு மட்டும் மன்னித்துக்கொள். முறையாக மூடிவிட்டுத்தான் கழற்ற வேண்டும், சும்மா பிடுங்கக் கூடாது என்று நீ மூன்று தரம் கத்திவிட்டாய். ஐந்து மணி பஸ்ஸை விட்டால் அடுத்ததில் நிற்கவும் இடமில்லை. பிடுங்கிப் பேர்ஸில் போட்டுக்கொண்டு ஓடிவிடுகிறேன். இனித் திருத்திக்கொள்கிறேன்.

இருளப்பன் மாமா பலாக்கொல்லை வீட்டுத்திட்டத்துக்குக் குடிபோய் நாலு மாதமாகிறது. நாவலப்பிட்டி டவுனுக்கு மேலே, நல்ல காற்று, நல்ல வெளிச்சம். தோட்டத்து லயத்துக் காம்பிராவை விட்டுவர மாமா எவ்வளவு தயங்கினார் என்று உனக்குத் தெரியும். அந்தச் சரிவில் ஒரு காலத்தில் மண் இறங்கியதாம் என்று யாரோ கிளப்பிவிட, இருபத்தெட்டுக் குடும்பமும் சாவியை வாங்காமல் நின்றது. மலையில் யார் வீடு கட்டினாலும் நிலம் தாங்குமா என்று எங்கள் கந்தோரில்தானே சோதித்து எழுதி வாங்குகிறார்கள். பலாக்கொல்லை அறிக்கையும் நான் டைப் பண்ணியதுதான். அதைக் கையோடு கொண்டுபோய், மாரியம்மன் கோயில் முன்னால் நின்று, இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். நிலம் உறுதியானது, குடியிருக்க ஏற்றது. அதற்குப் பிறகுதான் எல்லாரும் சாவியை வாங்கினார்கள். "எங்கக்கா அடிச்ச ரிப்போர்ட்டு" என்று மாமா அன்றைக்கு முழுவதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார்.

நேற்று மாமா போன் எடுத்தார். குசினிக் கதவு மூடுவதில்லையாம். மழைக்கு மரம் ஊதியிருக்கும் என்று சீவிவிட்டாராம். பத்து நாளில் மறுபடியும் மூடவில்லையாம். தச்சு வேலை செய்தவனை நன்றாகத் திட்டினார். நானும் கூடச் சேர்ந்து திட்டினேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. ஏசிக்குள்ளேயே கிடக்காமல் கொஞ்சம் வெயிலிலும் நட. கதிர்காமத்தான் உன்னைப் பார்த்துக்கொள்வான்.

அன்புடன்,
அம்மா


கட்டுகஸ்தோட்டை,
ஒக்டோபர் 6, போயா

அன்பு மகன் சஞ்சீவுக்கு,

இன்று பௌர்ணமிப் போயா, கந்தோர் லீவு. இந்தக் கடிதத்தை நீ தனியாக இருக்கும்போது படி. படித்ததும் போன் எடுக்காதே, மெயிலில் பதில் போடு. ஏன் என்று கடைசியில் உனக்கே விளங்கும்.

முதலில் நல்ல சேதி. புதன்கிழமை கந்தோரில் ஆயுத பூஜை செய்தோம். மண் துளைக்கும் கம்பிகள், அளவுக் கருவிகள், போட்டோகொபி மெஷின், கம்பியூட்டர் எல்லாவற்றுக்கும் நான்தான் சந்தனம், குங்குமம் வைத்தேன். சுதேஷ் சேர் வழக்கம்போல சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நின்று, என் சுண்டலை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். உன் பென்னையும் விடவில்லை. நமக்குச் சோறு போடுகிற ஆயுதம் இப்போது அதுதானே. மூடியைக் கழற்றி, வாய்ப்பக்கத்தில் தாராளமாகவே பொட்டு வைத்தேன்.

ரிஸ்மி தம்பியின் அறைக்கு மட்டும் போகவில்லை. மடவளையிலிருந்து வந்துகொண்டிருந்த என்ஜினியர் ரிஸ்மியை உனக்கு ஞாபகம் இருக்கும். தொழுகை தவறாத பிள்ளை. அவருடைய மேசையிலும் மெஷினிலும் நாங்கள் எந்த வருடமும் பொட்டு வைப்பதில்லை. பூஜையன்று அவருக்கென்று தனியாகக் கச்சான் கடலை வாங்கி வைப்பேன், சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார். பெப்ரவரியில் திடீரென்று நின்றுவிட்டார். மாலைதீவில் வேலை கிடைத்துப் போய்விட்டதாக சேர் சொன்னார். அறை பூட்டியே கிடக்கிறது. ஆள் இல்லாவிட்டாலும் வழக்கத்தை மாற்ற மனம் வரவில்லை.

மறுநாள் விஜயதசமி. பூஜையில் வைத்ததை எடுத்துப் புதிதாக வேலை தொடங்க வேண்டிய நாள். என் மெஷின் அன்றைக்கென்று ஒரேயடியாகப் படுத்துவிட்டது. லைட் கூட எரியவில்லை. சேர் கொழும்புக்குப் போயிருந்தார். பதினொரு மணிக்குள் ஒரு கடிதம் போயாக வேண்டும் என்று கொழும்பிலிருந்தே மூன்று கோல். வேறு மெஷின் எதுவும் சும்மா இல்லை. மேசை லாச்சியில் ரிஸ்மி தம்பியின் அறைச் சாவி கிடந்தது. திறந்தேன். அவர் மெஷினுக்கு பாஸ்வேர்ட் யாருக்கும் தெரியாது என்று சேர் முன்பே சொல்லியிருந்தார். உன் பென் இருக்கும்போது எனக்கென்ன பாஸ்வேர்ட்? செருகினேன். என் திரை வந்தது. கடிதத்தை அடித்து முடித்தேன்.

அத்தோடு பிடுங்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும். திரையின் ஓரத்தில் புதிதாக ஒரு பெட்டி தெரிந்தது. என் மெஷினில் அப்படி ஒன்று இருந்ததில்லை. அமத்தினேன். ரிஸ்மி தம்பியின் டிஸ்க் முழுவதும் திறந்துகொண்டது. பாஸ்வேர்ட் கேட்கவே இல்லை. அந்த மெஷினின் மூளை தூங்கும், உன் பென் அதன் கையையும் காலையும் மட்டும் இரவல் வாங்கி வேலை செய்யும் என்று நீ சொன்னது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வீட்டுக்காரன் தூங்குகிறான், அலுமாரி திறந்து கிடக்கிறது.

மகன், அதில் பலாக்கொல்லை என்று ஒரு போல்டர் இருந்தது. உள்ளே இருந்தது நான் டைப் பண்ணிய அறிக்கை இல்லை. அதற்கு முந்தியது. ஜனவரியில் ரிஸ்மி தம்பி எழுதியது. நான் டைப் பண்ணியதில் இரண்டு இடத்தில் மண் துளைத்துப் பார்த்ததாக இருந்தது. இவர் ஆறு இடத்தில் துளைத்திருக்கிறார். மற்ற நாலும் என் கைக்கு வரவே இல்லை. அந்த நாலிலும் பன்னிரண்டு அடிக்குக் கீழே மண் நகர்ந்துகொண்டிருக்கிறது என்று எழுதியிருக்கிறார். சாய்ந்த மரங்களைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறார். கடைசிப் பக்கத்தை இரண்டு முறை வாசித்தேன். இங்கே ஆட்களைக் குடியேற்றக் கூடாது. குடியேற்றியிருந்தால் அடுத்த பெருமழைக்கு முன் அப்புறப்படுத்த வேண்டும். கீழே ஒரு குறிப்பும் இருந்தது. கதவுகளும் ஜன்னல்களும் மூடாமல் போவது முதல் அறிகுறி. ஊற்று நின்றுபோவது கடைசி அறிகுறி.

போல்டரை உன் பென்னில் கொபி பண்ணிக்கொண்டேன். கதவைப் பூட்டிச் சாவியைப் பழைய இடத்தில் போட்டேன். நாலு நாளாக ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. பொய் அறிக்கையில் சேரின் கையெழுத்து இருக்கிறது. அதற்குக் கீழே, டைப் பண்ணியவர் என்று என் பெயரின் இரண்டு எழுத்தும் இருக்கிறது. நாளைக்கு ஒன்று என்றால் யார் யாரைக் கைகாட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஒன்றை மட்டும் எனக்குச் சொல். நான் வந்துபோனது அந்த மெஷினுக்குத் தெரியுமா? எங்காவது பதிந்திருக்குமா? அதைத் தெரிந்துகொண்டால் தைரியமாக அடுத்த காலை வைப்பேன்.

உன்னை நினைத்துக்கொண்டே விளக்கேற்றினேன். பயப்படாதே. நானும் பயப்படாமல் இருக்கப் பார்க்கிறேன்.

அம்மா


கட்டுகஸ்தோட்டை,
ஒக்டோபர் 21

அன்பு மகனுக்கு,

தீபாவளிக்கு நீ அனுப்பிய சேலை நல்ல நிறம். உடுத்திக்கொண்டுதான் மாமா வீட்டுக்குப் போனேன்.

உன் பதில் கிடைத்த அன்று நிம்மதியாகத் தூங்கினேன். "ஒரு தடயமும் இருக்காதும்மா, பென்னிலேயே வந்து பென்னிலேயே போய்விட்டீங்க, அந்த மெஷினைப் பொறுத்தவரை நீங்க அங்க வரவே இல்ல" என்று எழுதியிருந்தாய். அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். பைலை உடனே அனுப்பு, உரியவர்களிடம் கொடுக்கலாம் என்றும் எழுதியிருந்தாய். அனுப்பாதது என் தவறு. என் இரண்டு எழுத்தை நினைத்து நினைத்து, நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். ஓய்வூதியத்துக்குப் போகும் வயதில் பொலிஸ் படி ஏறுவதா என்று ஒரு பயம். உன் அப்பா இருந்தால் என்னைக் காறித் துப்பியிருப்பார்.

மாமா வீட்டில் பார்த்ததை எழுதுகிறேன். குசினிக் கதவை மூன்றாம் தரமும் சீவியிருக்கிறார். இப்போது முன்கதவும் மூடுவதில்லை, செங்கல் வைத்து அண்டக் கொடுத்திருக்கிறார்கள். படிக்கட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் என் கை நுழையும் அளவு இடைவெளி. மேலே ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீர் ஒரு கிழமையாகக் கலங்கல், தேத்தண்ணி போட்டால் அடியில் மண் நிற்கிறது. ரிஸ்மி தம்பியின் படத்தில் இருந்த பலா மரத்தைத் தேடிப் பார்த்தேன். படத்தில் சாய்ந்திருந்தது, இப்போது கூரையைத் தொடுகிறது. மாமாவின் சின்னவள் கிருஷாந்தி அதில் ஏறுவது லேசாகிவிட்டது என்று சந்தோஷமாகச் சொன்னாள். பலகாரத் தட்டை அவள் பக்கம் தள்ளிவிட்டேன். நல்ல நாளும் அதுவுமாக எப்படிச் சொல்வது என்று, ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்துவிட்டேன்.

கந்தோரில் நடந்ததை இனிச் சொல்லாமல் இருக்க முடியாது. போன வியாழக்கிழமை சேர் ரிஸ்மி தம்பியின் அறையைத் திறந்தார். எட்டு மாதம் பூட்டிக் கிடந்த அறையில் கீபோர்டில் மட்டும் தூசி இல்லை. ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார். எல்லாரும் இல்லை என்றார்கள். நானும் இல்லை என்றேன். பிறகு கம்பியூட்டர் திருத்துகிற ஒருவரைக் கூட்டிவந்தார். அந்த ஆள் இரண்டு மணிநேரம் நோண்டினான். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் இருந்து என் காதில் விழுந்தது. பெப்ரவரிக்குப் பிறகு இந்த மெஷினை யாரும் ஓன் பண்ணவே இல்லை சேர் என்றான். நீ சொன்னது அப்படியே சரி என்று மனதுக்குள் உன்னைக் கும்பிட்டேன்.

சேர் அத்தோடு விடவில்லை. போனில் லைட் போட்டுக் குனிந்து, மெஷினின் முன்பக்கத்தைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு பல் குத்தும் குச்சி ஒன்றை எடுத்து, பென் செருகும் துவாரத்துக்குள் விட்டுச் சுரண்டினார். அதை ஒரு வெள்ளைக் கடதாசியில் தட்டிக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தார். கடதாசியில் ஒரு சிட்டிகை குங்குமம்.

கந்தோரில் பொட்டு வைப்பது நான் ஒருத்திதான். அந்த அறையில் எந்த வருடமும் பொட்டு வைத்ததில்லை என்பது எல்லாருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். சேர் சத்தம் போடவில்லை. "இந்த வருசம் பூசை நல்லா செஞ்சிருக்கீங்க லக்ஷ்மி அக்கா" என்று மட்டும் சொன்னார். அந்தக் கடதாசியை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மாலையில் எனக்கு ஒரு மாதம் லீவு என்றார். களைத்துப் போயிருக்கிறீர்களாம்.

பஸ் பாலத்தைத் தாண்டும்போது ஆற்றைப் பார்த்தேன். மேலே எங்கோ நல்ல மழை. தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் வருகிறது.

நீ லீவு போட்டுக்கொண்டு ஓடிவராதே. வந்தால் எனக்கு இரண்டு பேரைக் காப்பாற்றுகிற வேலை. அம்மா சொல்வதைக் கேள்.

அம்மா


மடவளை,
நவம்பர் 4

என் கண்ணான மகன் சஞ்சீவுக்கு,

இந்தக் கடிதம் மெயிலில் வராது. இதை நீ வாசிக்கிறாய் என்றால் உன் பென் உன்னிடமே திரும்பி வந்துவிட்டது என்று அர்த்தம். அம்ஜத் இன்று மாலை டோஹாவுக்குப் பயணம். அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். மூன்று நாளாக நான் மடவளையில், அவன் உம்மா றம்லத்தின் வீட்டில் இருக்கிறேன். அவர்களுடைய பிள்ளைகள் விளையாடும் கம்பியூட்டரில் உன் பென்னைச் செருகித்தான் எழுதுகிறேன். எந்த வீட்டு மெஷினானாலும் அதே பெரஹரா படம் வருகிறது. கையில் எடுத்துக்கொண்டு போக ஒரு வீடு மிச்சம் இருக்கிறதே என்று நேற்று அழுதேன்.

நடந்ததைச் சொல்கிறேன். லீவில் இருந்த இரண்டாம் கிழமை சுதேஷ் சேர் வீட்டுக்கு வந்தார். அப்பிள் வாங்கி வந்தார். அப்பாவின் படத்தின் முன்னால் நின்று கும்பிட்டார். தேத்தண்ணி குடித்தார். "அந்த எடம் எத்தனையோ வருசமா அப்பிடியேதான் இருக்குது அக்கா, ரிஸ்மி சும்மா பயந்த ஆள்" என்றார். பிறகு உன்னைப் பற்றிக் கேட்டார். உன் கம்பெனிப் பெயர், எந்தக் கட்டடம், எத்தனையாம் மாடி என்று அவரே சொன்னார். நான் அவரிடம் அதையெல்லாம் ஒருநாளும் சொன்னதில்லை. "நல்ல பிள்ளை, அங்க நிம்மதியா இருக்கட்டும்" என்றார். போகும்போது வாசலில் நின்று, அந்த பென்னை நாளைக்குக் கந்தோரில் கொண்டுவந்து கொடுங்கள், உங்கள் பெயர் எதிலும் வராமல் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். கெஞ்சுவது போலத்தான் கேட்டார். எனக்கு அதுதான் அதிகப் பயமாக இருந்தது.

கொடுக்கவில்லை. அடுத்த நாள் சந்தைக்குப் போய் வந்தபோது உன் லெப்டொப்பைக் காணோம். பூட்டு பூட்டியபடியே இருந்தது. அலுமாரியில் இருந்த சங்கிலியைத் தொடவில்லை. தூக்கிப் போனவர்களுக்கு வெறும் தகரம்தான் கிடைத்திருக்கும். உன் பென் சாமித் தட்டில், குங்குமச் சிமிழுக்குள் இருந்தது. காட்டிக்கொடுத்த குங்குமமே ஒளித்தும் வைத்தது. போனில் அழுதேன், அன்றைக்கே றம்லத் மூன்று வீல் ஓட்டோ பிடித்து வந்து என்னை இங்கே கூட்டிவந்துவிட்டாள். "நீங்க பயப்புடாதீங்க லச்சுமி அக்கா, எங்கூட்டுக்கு வந்து யாரு கேக்குறதுன்டு நான் பாக்குறன்" என்றாள். இவளுக்கு நான் என்ன கைம்மாறு செய்யப் போகிறேன் என்று தெரியவில்லை.

ரிஸ்மி தம்பி மாலைதீவுக்குப் போகவில்லை. இங்கே, நாலு ஒழுங்கை தள்ளி, தன் வீட்டிலேயே இருக்கிறார். றம்லத்தும் நானும் போனோம். கதவைத் திறக்கவில்லை. மனைவி ஜன்னலைக் கொஞ்சம் திறந்து, அவர் எழுத வேண்டியதை எழுதிவிட்டார், இனிப் பேச மாட்டார், எங்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றாள். உள்ளே அவர் இருமுவது எனக்குக் கேட்டது. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. நானும் ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்தவள்தானே.

பைலை உனக்கு மெயிலில் போடப் பார்த்தேன். படங்களோடு பெரிதாக இருக்கிறது, இந்த மழையில் லைன் மூன்று தரம் பாதியில் அறுந்தது. நீ பார்க்கும்போது பலாக்கொல்லை என்ற போல்டர் பென்னிலேயே இருக்கும். பொய் அறிக்கையையும் பக்கத்தில் வைத்திருக்கிறேன். என் இரண்டு எழுத்தை அழிக்கவில்லை. யார் யாருக்கு அனுப்ப வேண்டும் என்று நீ யோசித்தாயோ அத்தனை பேருக்கும் அனுப்பு. அம்மாவுக்கு என்ன ஆகும் என்று பார்த்துக்கொண்டு நிற்காதே.

மாமாவுக்கு நேற்றே போனில் சொல்லிவிட்டேன். "நீதானே அக்கா வந்து நல்லதுன்னு வாசிச்ச, இப்ப போன்ல வேற சொன்னா இங்க யாரு நம்புவாங்க" என்றார். எனக்கு முன்னால் சுதேஷ் சேர் அங்கே போயிருக்கிறார். கந்தோரிலிருந்து ஒருத்தியை நிறுத்தினோம், அவள் ஆத்திரத்தில் ஒரு போலிக் கடதாசியோடு வந்து பயங்காட்டுவாள், கேட்காதீர்கள் என்று எல்லாருக்கும் சொல்லியிருக்கிறார். போன் வைக்கும் முன் மாமா இன்னொன்றும் சொன்னார். பீலியில் நேற்றுக் காலையிலிருந்து தண்ணீரே வரவில்லையாம். இவ்வளவு மழையில் ஊற்று வற்றுமா அக்கா என்று என்னைக் கேட்டார்.

போன கடிதத்தில் உன்னிடம் ஒன்றை மறைத்தேன். தீபாவளியன்று நான் சும்மா வந்துவிடவில்லை. சாப்பிடும்போது மாமா கேட்டார். "அக்கா, எடம் நல்லதுதானே? இவ பயப்புடுறா, ஒன் வாயால ஒருக்கா சொல்லிட்டுப் போ" என்று, பிள்ளைகள் எல்லாரையும் வைத்துக்கொண்டு கேட்டார். பேர்ஸில் உன் பென் இருந்தது. உண்மை முழுவதும் என் மடியில் இருந்தது. நல்லதுதான், சாப்பிடு என்றேன். கிருஷாந்தி அதைக் கேட்டுவிட்டுத் திரும்பவும் அந்தப் பலா மரத்தில் ஏறப் போனாள். இந்த ஒன்றை நான் எந்தச் சாமியிடமும் சொல்லவில்லை, உன்னிடம்தான் சொல்கிறேன்.

ஆகவே நாளைக் காலை முதல் பஸ்ஸில் போகிறேன். ரிஸ்மி தம்பியின் அறிக்கையைக் கட்டுகஸ்தோட்டைக் கடையில் பிரிண்ட் எடுத்து, பொலித்தீனில் சுற்றி வைத்திருக்கிறேன். கம்பளைக்கு அப்பால் பாதையில் மண் விழுந்திருப்பதாகச் சொல்கிறார்கள். பஸ் நிற்கும் இடத்திலிருந்து நடப்பேன், முழங்கால் கேட்காவிட்டாலும் நடப்பேன். அன்றைக்கு எந்தக் கோயில் முன்னால் நின்று வாசித்தேனோ, அங்கேயே நின்று இதையும் தமிழில் வாசிப்பேன். முந்தி வாசித்தது பொய், அதை அடித்த கை என்னுடையது என்றும் சொல்வேன். போ என்று விரட்டினால் மாமா வீட்டில் பாயைப் போட்டு உட்காருவேன். கடைசிக் குடும்பம் கீழே பள்ளிக்கூடத்துக்கு இறங்கும்வரை நான் இறங்க மாட்டேன். பொய் சொல்ல வந்தவள் அந்த வீட்டில் இருக்க மாட்டாள் என்று அவர்களுக்கே விளங்கும்.

அங்கே சிக்னல் இல்லை. இரண்டு நாள் என் போன் அடிக்காவிட்டால் பதறாதே. மூன்றாம் நாளும் அடிக்காவிட்டால் நீ அனுப்ப வேண்டியதை அனுப்பிவிட்டு, பிறகு வா. அதற்கு முன் வராதே. வந்தால் முதலில் றம்லத்தின் காலைத் தொட்டுக் கும்பிடு.

என் அரிசிப் பெட்டிக்குள் அலுமாரிச் சாவி இருக்கிறது. அப்பாவின் படத்துக்குப் பின்னால் உன் சாதகம் இருக்கிறது. கலியாணப் பேச்சை எடுத்தால் இனி ஓடாதே. யாரைப் பிடித்திருந்தாலும் எனக்குச் சம்மதம், அதை இப்போதே எழுதி வைக்கிறேன்.

பென்னின் வாயில் இன்னும் கொஞ்சம் குங்குமம் ஒட்டியிருக்கிறது. சுத்தம் பண்ணிக் கொடுக்கத்தான் பஞ்சை எடுத்தேன், பிறகு விட்டுவிட்டேன். நீயும் துடைக்காதே. அது உன் நெற்றிக்கு நான் வைத்தது என்று வைத்துக்கொள். நூறு வருடம் நீ நன்றாக இருக்க வேண்டும், எவனுக்கும் பயந்து வாய் மூடாமல் இருக்க வேண்டும்.

அம்ஜத் பெட்டியைக் கட்டிவிட்டு வாசலில் நிற்கிறான். வழக்கம்போலப் பிடுங்கிக் கொடுத்துவிடலாம் என்று கை போனது. இல்லை மகன், இந்த ஒரு தரம் நீ சொல்லித் தந்தபடியே செய்கிறேன். ஒவ்வொன்றாக மூடி, திரை முழுவதும் கறுக்கும்வரை காத்திருந்து, அதற்குப் பிறகுதான் கழற்றப் போகிறேன்.

என்றும் உன்,
அம்மா